‘ஆற்றல் திறன்’ வேண்டாம், ‘ஆற்றல் மடங்கு’ சரிவருமா?

ஐயா, வணக்கம்.

கடற்பாசியையும் உணவுக்கழிவையும் கலந்து எரிவாயு எடுப்பது பற்றிய கட்டுரையில், போட்ட ஆற்றலையும் எடுத்த ஆற்றலையும் ஒப்பிடும் அளவுக்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன ‘ஆற்றல் திறன்’ எனக்கு இடறுகிறது. பாடநூலில் திறன் என்றால் ஒரு நொடியில் செய்யும் வேலை, வாட்டில் அளப்பது. ‘பயனுறுதிறன்’ என்று எழுதலாம்தான். ஆனால் அது உள்ளே போனதில் எவ்வளவு பயனாக வெளிவந்தது என்ற கணக்கு, ஒன்றைத் தாண்டாது. நமக்கு வேண்டியது, பாசியை அள்ளுவதிலிருந்து அடுப்பு எரிவது வரை நம் கையிலிருந்து போட்ட ஆற்றலுக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்பது.

ராமேசுவரம் பக்கம், மண்டபம் ஊர்க் கரையில் ஒதுங்கும் கட்டக்கோரை என்ற கடற்பாசியைப் பாருங்கள். ஈரப்பாசியின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். லோடு ஆட்டோவில் ஏற்றினால் பெரும்பாலும் தண்ணீரைத்தான் சுமக்கிறோம். ஒரு லிட்டர் டீசலிலும் ஒரு கனமீட்டர் மீத்தேனிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றல், சுமார் 10 யூனிட் (கிலோவாட் மணி). பாசியும் கழிவும் செரிக்கும் மூடிய கலனில் வரும் வாயுவில் மீத்தேன் 60 விழுக்காடு என்றால், வண்டி எரித்த ஒரு லிட்டர் டீசலை ஈடுகட்டவே 1.7 கனமீட்டர் வாயு போய்விடும். கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை ஊருக்குள்ளேயே அள்ளலாம், சீக்கிரம் செரிக்கும். (அதை மட்டும் கொட்டினால் புளித்துக் கலனையே கெடுக்கும், அது வேறு கதை.) குளிர்நாடுகளில் கலனை 35 டிகிரிக்கு மேல் வைத்திருக்கவே வாயுவில் ஒரு பகுதி செலவாகும். நம் வெயிலுக்கு அந்தச் செலவு அநேகமாக இல்லை.

பாம்பனில் விசைப்படகு கரைக்கு வந்தால், மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த பிறகுதான் பங்கு வைப்பார்கள். அப்படி, எடுத்த ஆற்றலில் போட்டதைக் கழித்து நிற்பதற்கு ‘நிகர ஆற்றல்’ போதும். நிகர லாபம் எல்லோருக்கும் பழகிய சொல். இதற்கே அக்கா முன்வைத்த ‘எஞ்சாற்றல்’ இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘எஞ்சா’ கண்ணில் பட்டதும் எஞ்சாத ஆற்றல் என்றல்லவா வாசிப்பார்கள்!

கழிக்காமல், எடுத்ததைப் போட்டதால் வகுத்து வரும் விகிதத்துக்குத்தான் ‘ஆற்றல் மடங்கு’. முதலில் ‘ஈட்டுமடங்கு’ என்று நினைத்தேன், ஈட்டுக்கடன் ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். ‘இந்தக் கலனின் ஆற்றல் மடங்கு இரண்டு’ என்றால் ஒன்று போட்டு இரண்டு எடுத்தோம். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் டீசலுக்குக் கடன்பட்டோம். பாசிக்குள்ளும் சோற்றுக்குள்ளும் இருக்கும் ஆற்றலைச் செலவில் சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் வரையறையிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி பயனுறுதிறனில்தான் போய் நிற்போம்.