ரெண்டு கை, மூணு பிள்ளை: உங்க வீட்டு அனுபவம் என்ன?

திருச்சிக்காரி

எங்க வீட்டுல மூணு. பெரியவளுக்கு ஆறரை வயசு, நடுவுல பையனுக்கு நாலு, கடைக்குட்டிக்கு ஒண்ணேகால். ரெண்டு இருந்த வரைக்கும் கணக்கு சரியா இருந்துச்சு: ரெண்டு கை, ரெண்டு பிள்ளை. மூணாவது வந்ததும் வேலை பெருசா கூடினதா தெரியல. துவைக்கறதுல நாலு துணி கூட, சோத்துல ஒரு கரண்டி கூட, அவ்வளவுதான். கைதான் பத்தல.

போன மாசம் அம்மா வீட்டுக்குப் போறதுக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். கடைக்குட்டி இடுப்புல. தோள்ல பை, அதுக்குள்ள மாத்துத்துணி, தண்ணி பாட்டில், ஒரு டப்பா பொரி. (பொரி காலியாகறதுக்குள்ள இறங்கற இடம் வந்துடணும். எங்க பயணத்துக்கு அதுதான் அளவு.) பெரியவ என் துப்பட்டா நுனியைப் பிடிச்சுக்கணும், பையன் பை வாரைப் பிடிச்சுக்கணும். இது எங்க வீட்டுச் சட்டம்.

பஸ்ல டிக்கெட் விஷயத்துல மட்டும் நாங்க ராஜா வீட்டுக் குடும்பம். அரசாங்கத்தோட சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021-லேர்ந்து காசு இல்ல, அஞ்சு வயசு ஆகாத பையனுக்கும் இல்ல. கண்டக்டர் எங்க நாலு பேரையும் பார்த்துட்டு, "ஒரு சீட்டு முழுசா பிடிச்சுக்கிட்டு ஒத்தைப் பைசா தரமாட்டீங்க, அப்படித்தானே?"ன்னு சிரிச்சுக்கிட்டே போனார்.

பக்கத்துல பூக்கூடையோட ஒரு அம்மா. கேக்கக்கூட இல்ல, சின்னதை என் இடுப்புலேர்ந்து உருவி மடியில வச்சுக்கிட்டாங்க. வச்சப்புறம்தான் பேச்சே.

"மூணும் உன்னுதா?"

"ஆமாம்மா."

"நடுவுல பையன் இருக்கானே. அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?"

இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போச்சு. ரெண்டும் பொண்ணா இருந்து மூணாவது பெத்துக்கிட்டா, "பாவம், பையனுக்காகப் பார்த்திருக்காங்க"ன்னு ஊரே ஒரு காரணத்தைச் சொல்லி முடிச்சுக்கும். பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணுன்னு இருக்கறவங்களுக்கு மூணாவது பொறந்தா ஊர்கிட்ட காரணம் இல்ல. அதனால நம்மகிட்டயே கேட்டுடறாங்க. நானும் ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு பதில் சொல்வேன். அன்னிக்கு "ஆசையாத்தாம்மா"ன்னேன். "இருக்கட்டும், இருக்கட்டும்"னு சின்னது தலையில ஒரு துண்டு மல்லி வச்சாங்க. அவளுக்கு முடியே நாலு இழைதான், பூ நிக்கல. மூணு தடவை வச்சுப் பார்த்தாங்க.

திருவானைக்கோவில் வந்துச்சு. சின்னதை வாங்கி இடுப்புல வச்சேன், பையை மாட்டினேன், துப்பட்டா பின்னாடி இழுபடுது, சரி எல்லாரும் இருக்காங்கன்னு இறங்கிட்டேன். பஸ் கிளம்புது. அப்பத்தான் பூக்காரம்மா குரல், ஜன்னல் கம்பியைப் படபடன்னு தட்டிக்கிட்டு: "ஏம்மா! ஒண்ணு மிச்சம் இருக்கு! ஒண்ணு மிச்சம் இருக்கு!"

என் பையன். சீட்டுக்கு அடியில சிந்தின பொரியை ஒவ்வொண்ணா பொறுக்கிக்கிட்டு இருந்திருக்கான். கண்டக்டர் விசில் அடிச்சு, பஸ் நின்னு, அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி வந்தான். அழுகை இல்ல, பயம் இல்ல. கை நிறைய பொரி. எனக்குத்தான் கால் ரெண்டும் நடுங்கி அங்கேயே ஒரு கடை வாசப்படியில உக்காந்துட்டேன். வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லவே நாலு நாள் ஆச்சு.

உங்க வீட்டுலயும் மூணு சின்னதுங்க இருந்தா எழுதுங்க. வெளியில எப்படிச் சமாளிக்கறீங்க, யார் என்ன கேட்டாங்க, எல்லாம்.

கோவை அப்பா

ஏனுங்க, உங்க பஸ் கதை படிச்சு வயிறு கலங்கிப் போச்சுங்க.

எங்க வீட்டுல பெரியவன் ஏழு, பொண்ணு நாலரை, சின்னவன் ரெண்டு. வீட்டுக்காரம்மா நர்ஸ், காலையில ஏழு மணி ஷிப்டுக்குக் கிளம்பிருவாங்க. அப்புறம் ராஜ்ஜியம் நம்மளுதுங்க. பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் எட்டரை, பொண்ணுக்கு எல்கேஜி ஒம்பதரை, ரெண்டும் வேற வேற பக்கம். வண்டியில பின்னாடி ஒருத்தர்தான் உக்காரலாம்னு சட்டம் இருக்குதுங்க. மூணையும் அடைச்சுட்டுப் போற அப்பனுங்களைத் தெனமும் பாக்கறேன். நானும் ஒரு வருசம் அப்படிப் போனவந்தான், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஒரு நாள் முன்னாடி நின்னுட்டு வந்த சின்னவன் நின்னவாக்குலயே தூங்கிட்டான். தலை சாஞ்சு ஹாரன் மேல அழுந்தி, ஹாரன் நிக்காம அடிக்குது. முன்னாடி போன லாரிக்காரர் கையைக் காட்டித் திட்டறாரு. அன்னிக்கோட அந்த வேலையை விட்டுட்டேனுங்க.

இப்ப ரெண்டு நடை. ஆனா ஒருத்தரை விட்டுட்டு வர்ற வரைக்கும் மத்த ரெண்டு பேரு வீட்டுல என்ன பண்ணுவாங்க? புலி, ஆடு, புல்லுக்கட்டைப் படகுல ஏத்திட்டுப் போற கணக்கு ஒண்ணு படிச்சோமில்லீங்க, அதேதான். பெரியவனும் பொண்ணும் தனியா இருந்தா சண்டை. பொண்ணும் சின்னவனும் தனியா இருந்தா அவ கடிச்சு வெச்சுருவா. பெரியவனும் சின்னவனும் சேர்ந்தா சத்தமே இருக்காது. அப்ப கணக்குப்படி பொண்ணுதான் ஆடு. ஆனா கடிக்கற ஆடு.

கடைசியில கீழ் வீட்டு ஆத்தாதான் தீர்த்து வெச்சாங்க. எட்டேகாலுக்கு ரெண்டையும் அவங்க திண்ணையில விட்டுட்டுப் போவேன். அவங்க புளி கொட்டை எடுத்துட்டு இருப்பாங்க, இதுக கொட்டையை எண்ணிட்டு இருக்கும். சின்னவன் ஒரு கொட்டையை மூக்குல போட்டுக்கிட்டான், அது வேற கதை. எடுத்தாச்சுங்க.

சிராங்கூன்

சிங்கப்பூர்லேர்ந்து எழுதறேன். இங்க கதையே தலைகீழ். மூணுன்னு சொன்னா கைகுடுக்கறாங்க! லிப்ட்ல ஒரு சீனப் பாட்டி மூணு விரலைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாங்க.

இந்த ஊர்லயும் 1970-கள்ல "ரெண்டோட நிறுத்து"ன்னுதான் போஸ்டர் ஒட்டினாங்களாம், மாமியார் சொல்வாங்க. 1987-ல அதை மாத்தி, வசதி இருந்தா மூணோ அதுக்கு மேலயோ பெத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க. 2025 பட்ஜெட்டுல பெரிய குடும்பங்களுக்குன்னு ஒரு திட்டமே வந்துச்சு. குடியுரிமை உள்ள மூணாவது பிள்ளைலேர்ந்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு வயசு முதல் ஆறு வயசு வரைக்கும் வருஷத்துக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

எங்க பிரச்னை கார். 1.35 மீட்டருக்குக் கீழே உயரம் இருக்கற பிள்ளைங்களைத் தகுந்த சீட்டு இல்லாம கார்ல உக்கார வைக்கக் கூடாது. ஆப்ல கூப்பிடற வாடகைக் காருக்கும் அதே விதி, டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. சாதாரணக் கார்ல பின்னாடி மூணு சீட்டு வரிசையா வச்சுப் பாருங்க, கதவு சாத்தாது. என் தங்கச்சி கல்யாண வரவேற்புக்கு நானும் மூணு பிள்ளைங்களும் பட்டுப்பாவாடையோட டாக்ஸிக்கு நாற்பது நிமிஷம் வெயில்ல நின்னோம். மண்டபத்துல இறங்கறப்ப ஒருத்திக்குப் பாவாடை இல்ல, ஜட்டியோட நிக்கறா. பாவாடை டாக்ஸியில போயிடுச்சு. திருச்சிக்காரி, உங்களுக்காவது பிள்ளை திரும்பி வந்தான்!

ஒண்ணு சொல்லணும். எம்ஆர்டி ரயில்ல எழுந்து இடம் குடுப்பாங்க, உடனே ஃபோனைக் குனிஞ்சு பார்த்துக்குவாங்க. கேக்காம பிள்ளையை வாங்கி மடியில வச்சுக்கற ஆளை இங்க பன்னெண்டு வருஷத்துல பார்க்கல.

மதுரைக்காரி

மூணு பிள்ளைன்னா எதுவும் ஒரு தடவை வந்து போகாது. எங்க வீட்டுல அம்மை வந்த கதையைச் சொல்றேன்.

மாசி மாசம். பெரியவனுக்கு நெத்தியில ஒரே ஒரு நீர்க்கொப்புளம், சாயங்காலத்துக்குள்ள முதுகு முழுக்க. டாக்டர்கிட்ட காமிச்சோம், சின்னம்மைதான். அரிப்புக்குக் களிம்பு, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் குடுத்தார். ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைங்களுக்குக் குடுத்துடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னார். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டற வரைக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. மத்த ரெண்டையும் பிரிச்சு வைக்கட்டுமான்னு கேட்டேன். "வெளிய தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும்மா, இனி பிரிச்சு என்ன"ன்னுட்டார்.

வீட்டுல அத்தை ராஜ்ஜியம். வாசல்ல வேப்பிலைக் கொத்து, தாளிப்புச் சத்தம் கூடாது, தலை சீவக் கூடாது, வெளியாள் வரக் கூடாது. பெரியவன் வேப்பிலையில படுத்துக்கிட்டு இளநி, தயிர்சாதம், மாதுளைன்னு மகாராஜா மாதிரி. நடுவுல உள்ளவனுக்கு அஞ்சு வயசு. கதவோரத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பான். மூணாம் நாள் அத்தைகிட்ட போய், "அப்பத்தா, எனக்கு எப்ப ஆத்தா வருவா?"ன்னு கேட்டான். அத்தை கன்னத்துல போட்டுக்கிட்டு, "அப்படிக் கேக்கக் கூடாதுடா"ன்னு அவன் கன்னத்துலயும் போட்டாங்க.

பெரியவனுக்கு மூணு தண்ணி ஊத்தி முடிச்சு, வீடு கழுவி, அப்பாடான்னு கடுகு தாளிச்ச அன்னிக்குச் சாயங்காலம், நடுவுல உள்ளவன் சட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றான்: "எனக்கும் வந்துருச்சு!" வயித்துல மூணு கொப்புளம். அவ்வளவு சந்தோசம் அவன் முகத்துல. ராத்திரி அரிப்பு ஆரம்பிச்சதும் சந்தோசம் போச்சு. விடிய விடிய வேப்பிலையால தடவிக்கிட்டே உக்காந்திருந்தேன். ரெண்டு நாள்ல பத்து மாசக் கைப்பிள்ளைக்கும் வந்துச்சு. அதுக்குச் சொரியத் தெரியாது, அழத்தான் தெரியும்.

மறுபடி முதல்லேர்ந்து. தாளிப்பு இல்லாத சாம்பாரை மாசக்கணக்குல சாப்பிட்டுப் பாருங்க, அப்பத் தெரியும் கடுகோட அருமை.

மூணுக்கும் தண்ணி ஊத்தி முடிச்சோம். பதினஞ்சாம் நாள் எங்க வீட்டுக்காரர் கண்ணாடி முன்னாடி நின்னு, "இது என்ன, வேர்க்குருவா?"ன்னு கேட்டார். சின்ன வயசுல அவருக்கு வரவே இல்லையாம். மூணு பிள்ளைங்க பட்டதையும் சேர்த்து அவர் ஒருத்தரே பட்டார். இளநி கேட்டப்ப நடுவுல உள்ளவன் கொண்டுபோய்க் குடுத்துட்டு, பக்கத்துல உக்காந்து, "சொரியாதீங்கப்பா"ன்னு அதட்டிக்கிட்டு இருந்தான்.

சென்னைப் பெண்

எனக்கு அதிகம் எழுத நேரமில்ல, வேலைக்கு நடுவுல எழுதறேன். தனியார் கம்பெனி. 2017 சட்டத் திருத்தத்துலேர்ந்து பேறுகால விடுப்பு முதல் ரெண்டு பிள்ளைங்களுக்கு 26 வாரம். ஏற்கெனவே ரெண்டு இருந்தா, அடுத்ததுக்கு 12 வாரம்தான். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் பிரசவ வலி ஒண்ணுதான், தையலும் ஒண்ணுதான். 12 வாரம்னா என்னன்னு கேட்டா: நான் வேலைக்குத் திரும்பின வாரம்தான் என் பிள்ளைக்குக் கழுத்து நின்னுச்சு. முதல் நாள் ஆபீஸ் கழிப்பறையில நின்னு பாலைப் பீய்ச்சிக் கொட்டிட்டு வந்தேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருத்தர் வழக்குல, மூணாவதுன்னு சொல்லி விடுப்பை மறுக்கக் கூடாதுன்னு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதைப் படிச்ச அன்னிக்கு என் மூணாவது பிள்ளை பல்லு முளைச்சுக் கடிச்சுக்கிட்டு இருந்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

எல்லாவற்றையும் படித்தேன். நாங்கள் உடன்பிறந்தோர் ஏழு பேர். என் தாயார் எங்களை எண்ணி நான் பார்த்ததில்லை. இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டுகளைத்தான் எண்ணுவார். தட்டு மிஞ்சினால் ஆளைத் தேட வேண்டும். ஒருமுறை மிஞ்சிய தட்டு என்னுடையது. வைக்கோல்போரில் தூங்கிவிட்டிருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊரெல்லாம் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வாசகமும்தான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. அதனால்தான் பேருந்தில் மூன்றைக் கண்டால் வேடிக்கை பார்க்கிறார்கள். கேட்பவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. ஆனால், துப்பட்டா நுனி போதாது. பேர் சொல்லி வருகைப் பதிவு எடுங்கள். முப்பத்திநான்கு வருடம் எடுத்தவன் சொல்கிறேன்.

திருச்சிக்காரி

சார், உங்க யோசனையைச் செஞ்சு பார்த்தேன். பேரைக் கூப்பிட்டா பெரியவ "உள்ளேன் அம்மா"ங்கறா, பையன் எல்லாப் பேருக்கும் சேர்த்து அவனே "உள்ளேன்"ங்கறான். கோவை அண்ணா, எங்க வீட்டு ஆடும் கடிக்கும். மதுரை அக்கா, எங்க வீட்டுல இன்னும் யாருக்கும் அம்மை வரல, படிச்சதும் மூணு பேரு முதுகையும் தூக்கிப் பார்த்துட்டேன். சென்னைத் தோழிக்கு என்ன எழுதறதுன்னு தெரியல, ரெண்டு தடவை எழுதி அழிச்சுட்டேன்.

நேத்து மறுபடி அதே ஒண்ணாம் நம்பர். ஏறினதுமே பார்த்துட்டேன், முன் சீட்டுல பூக்காரம்மா. எனக்கு வெக்கமா இருந்துச்சு, பின்னாடி போயிடலாம்னு நினைச்சேன். அவங்க விடல. கை நீட்டி சின்னதை வாங்கிக்கிட்டாங்க. திருவானைக்கோவில் வந்ததும் நான் எழுந்துக்கறதுக்கு முன்னாடி அவங்க எழுந்து, படிக்கட்டு பக்கத்துல நின்னுக்கிட்டு, ஒவ்வொரு தலையா தொட்டு இறக்கினாங்க. கடைசியா நான் இறங்கறப்ப என் தலையிலயும் ஒரு தட்டு.

"நாலு. சரியா இருக்கு, ரைட்!"ன்னாங்க கண்டக்டரைப் பார்த்து.