கையில் கொடுத்த கணக்கு வகுப்பில் எப்படிப் போனது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏழாம் வகுப்புக் கணக்காசிரியர்:

செய்துபார்த்துக் கற்கும் கணக்குக்கு யோசனைகள் எங்கே பார்த்தாலும் கொட்டிக் கிடக்கின்றன. அட்டையை வெட்டு, நூலைச் சுற்று, மணலை நிரப்பு, விடை வந்துவிடும் என்று முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் கையில் கொடுத்தபோது என்ன ஆனது, அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் வேண்டும். நானே தொடங்குகிறேன்.

சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் பை. மூடி, டப்பா, வளையம் என்று வட்டமாக இருப்பதையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, நூலால் சுற்றி அளந்து வகுக்கச் சொன்னேன். கரும்பலகையில் விடைகள் ஏறின: 3.25, 3.0, 3.4, 3.1. "இதில எது சார் சரி?" என்று ஒருத்தி கேட்டாள். வழக்கமாக இந்த இடத்தில்தான் "சுமாராக 3.14, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மணியடிப்பதற்குள் முடித்துவிடுவோம். அப்படி முடிக்காமல், எந்த மூடிக்கு எந்த விடை வந்தது என்று விட்டத்தின் வரிசையில் எழுதவைத்தேன். சின்ன மூடிகளில்தான் விடை கன்னாபின்னாவென்று ஆடியிருந்தது. 4 செ.மீ. விட்டமுள்ள மூடிக்குச் சுற்றளவு ஏறக்குறைய 12.6 செ.மீ. நூல் சற்றே தளர்ந்து 13 என்று அளந்துவிட்டால் 3.25 வந்து நிற்கும். 60 செ.மீ. விட்டமுள்ள சைக்கிள் சக்கரத்தில் அரை செ.மீ. தவறினாலும் 3.15தான் வரும்.

அதற்கப்புறம் யோசனைகள் அவர்களிடமிருந்தே வந்தன. நூல் இழுபடுகிறது, காகிதப் பட்டையைச் சுற்றலாம் என்றான் ஒருவன். சின்ன மூடியில் பத்துச் சுற்றுச் சுற்றிப் பத்தால் வகுக்கலாம் என்றாள் இன்னொருத்தி. (ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறக்கூடாது, நூலின் தடிமனும் சேர்ந்துகொள்ளும்.) விட்டத்தைக் கிடையிலும் சுற்றளவைச் செங்குத்திலும் வைத்து வரைபடத் தாளில் குறித்தபோது புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் உட்கார்ந்தன. ஒன்று மட்டும் தள்ளி நின்றது. எடுத்துப் பார்த்தால் நசுங்கிய மூடி!

ஆர்க்கிமிடீஸ் நூலும் மூடியும் இல்லாமல், வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பலகோணத்தை வைத்து, பை 223/71க்கும் 22/7க்கும் நடுவில் இருக்கிறது என்று காட்டினார். இதைச் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேருக்கு அதிர்ச்சி. 22/7தான் பை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை:

எங்களுக்கு மூடி, சக்கரமெல்லாம் இல்லை சார், குச்சிக் கட்டுதான். ஆனால் அதில் நடக்கிற கூத்து கொஞ்சமில்லை.

403லிருந்து 178ஐக் கழிக்க வேண்டும். "பக்கத்து வீட்டில கடன் வாங்கு" என்று எல்லாப் பிள்ளையும் ஒப்பிக்கும். பக்கத்து வீட்டில் பூஜ்யம் இருந்தால்? அடுத்த வீட்டுக்குப் போய் வாங்கிவந்து, நடுவில் இருக்கும் பூஜ்யத்தை 9 ஆக்கிவிடுவார்கள். ஏன் 9, ஏன் 10 இல்லை என்று கேட்டால் "டீச்சர் சொன்னாங்க" என்பதுதான் பதில்.

குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவைத்தேன். அந்தக் கட்டுகளில் பத்தைச் சேர்த்து நூறு. நான்கு பெரிய கட்டும் மூன்று உதிரிக் குச்சியும் மேசையில் இருந்தன. எட்டுக் குச்சி எடுக்க வேண்டும், கையில் மூன்றுதான். பெரிய கட்டு ஒன்றைப் பிரிக்கத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் கட்டியவன் பிரிக்க விடவில்லை! அவ்வளவு நேரம் உட்கார்ந்து கட்டியது, மார்போடு அணைத்துக்கொண்டான். ஒருவழியாகப் பேசிப் பிரித்தால் பத்துச் சின்னக் கட்டுகள். அதில் ஒன்றையும் பிரித்தால் பத்துக் குச்சிகள், முன்பிருந்த மூன்றோடு பதின்மூன்று. மேசையில் மிச்சம் நிற்பது ஒன்பது சின்னக் கட்டு. "ஏ, ஒன்பதுதான் இருக்கு!" என்று கத்தியவனும் அவனேதான். மூன்று நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. அதிலிருந்து 178 போக 225.

நான் விடாமல் பிடித்துக்கொள்வது ஒன்று உண்டு. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் குச்சியை நகர்த்துவார், மற்றவர் நோட்டில் எழுதுவார். ஒரு கட்டு பிரிந்தால் நோட்டில் ஓர் இலக்கம் அடிபட வேண்டும். நோட்டு எழுதுகிறவர் முந்திக்கொண்டால் குச்சிக்காரர் "நில்லு" என்பார். அப்புறம் இடம் மாறிக்கொள்வார்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் வெறுமனே குச்சியைக் கொடுத்தால் குச்சி ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று போய்விடுகிறது. குச்சியில் 225 வரும், நோட்டில் 375 இருக்கும், இரண்டும் வேறுவேறு என்பது பிள்ளையின் கண்ணில் படவே படாது.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்:

டீச்சர் சொன்ன அந்த "நோட்டில் ஒன்று, கையில் ஒன்று" சமாசாரம் பின்னத்தில்தான் ரொம்ப அதிகம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே கூட்டி, கீழே கூட்டி, வேலை முடிந்தது. நான் திருத்துவதில்லை. ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒன்றில் பாதியையும் இன்னொன்றில் ஐந்தில் இரண்டையும் வண்ணம் தீட்டச் சொல்வேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குட்டை. "கூட்டினா எப்படி சார் குறையும்?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும், பட்டையை ஆறாக மடிக்கும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

மூன்றாக மடிப்பதும் ஐந்தாக மடிப்பதும் சின்னக் கைகளுக்குப் பெரும்பாடு. பட்டையை 30 செ.மீ. நீளத்தில் வெட்டிக்கொண்டால் அளவுகோல் வைத்துக் குறித்துவிடலாம். 30ஐ இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு எல்லாவற்றாலும் வகுக்க முடியும்.

எட்டாம் வகுப்பு ஆசிரியை:

சுருக்கமாக ஒன்று. ஒரே அடி, ஒரே உயரம் உள்ள கூம்பும் உருளையும். கூம்பில் மணல் நிரப்பி உருளையில் கொட்டினால் மூன்று முறையில் நிறையும். இது எல்லோரும் செய்வதுதான். கொட்டுவதற்கு முன் எத்தனை முறை என்று கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் பெரும்பாலோர் இரண்டு என்றார்கள். பக்கவாட்டில் பார்த்தால் செவ்வகத்துக்குள் முக்கோணம், அது சரிபாதி, ஆகவே இரண்டு. நல்ல வாதம்தான்! இரண்டாவது முறை கொட்டியும் உருளை நிறையாதபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. முன்கூட்டிச் சொல்லவைக்காமல் கொட்டிக் காட்டியிருந்தால் மூன்று என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்காசிரியர்:

எல்லோரும் கண்ணால் பார்த்ததை நம்பச் சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன்.

8க்கு 8 சதுரம், பரப்பு 64. முதலில் அதை 8க்கு 3, 8க்கு 5 என்று இரண்டு செவ்வகங்களாக வெட்டுங்கள். சின்னதை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணம். பெரியதைச் சாய்வாக, மேல்பக்கத்தில் 3, கீழ்ப்பக்கத்தில் 5 விட்டு வெட்டினால் இரண்டு சரிவகம். இந்த நான்கு துண்டுகளையும் மாற்றி அடுக்கினால் 13க்கு 5 செவ்வகம் கிடைக்கும். பரப்பு 65! ஒரு சதுரம் எங்கிருந்து வந்தது?

நான் இதை ஒன்பது, பத்து வகுப்புகளில் ஆண்டுத் தொடக்கத்திலேயே செய்கிறேன். முக்கோணத்தின் மூன்று மூலையையும் கிழித்து ஒட்டி 180 பாகை என்று பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் இவர்கள். "ஒட்டிப் பார்த்தோம், நேர்க்கோடா வந்துச்சு, நிரூபிச்சாச்சு" என்பார்கள். இந்த 65க்குப் பிறகு அப்படிச் சொல்லத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டியது.

முதலில் கத்தரிக்கோல் மேல் பழி போடுவார்கள். ஒரு கட்டம் 1 செ.மீ. என்று வெட்டினால் அது பொருந்துகிற சாக்குதான், ஏனென்றால் நடுவில் விழும் இடுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு கட்டம் 5 செ.மீ. என்று பெரிய அட்டையில் வெட்டவைத்தேன். மூலைவிட்டம் நெடுக ஒல்லியாக ஓர் இடைவெளி தெரிந்தது. பிறகு சாய்வுகளைக் கணக்கிடச் சொன்னேன். முக்கோணத்தின் சாய்வு 3/8, அதாவது 0.375. சரிவகத்தின் சாய்வு 2/5, அதாவது 0.4. இரண்டும் ஒரே கோட்டில் சேரவே சேராது. அந்த மெல்லிய இணைகரத்தின் பரப்புத்தான் காணாமல்போன, இல்லை, கூடுதலாக வந்த அந்த ஒன்று. 5, 8, 13 ஆகிய எண்கள் ஃபிபோனாச்சித் தொடரில் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும்) அடுத்தடுத்து வருகின்றன என்பதை ஒரு பையன் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்து வந்தான். மறுநாள் 8, 13, 21 வைத்து இன்னொரு புதிரும் செய்துவந்தான், அதில் 13க்கு 13 சதுரத்தில் ஒன்று குறைந்தது: 169க்குப் பதில் 168.

செய்துபார்ப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை சொன்னதைக் காகிதத்தில் ஒருமுறை விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் பாடம் சொல்லித்தரும் தாய்:

நான் ஆசிரியை இல்லை, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு உட்காருகிறவள். மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழிப்பது எங்களுக்குப் பெரிய சண்டை. "ரெண்டு மைனஸ் சேர்ந்தா ப்ளஸ்" என்று சொன்னால், மைனஸ் இரண்டோடு மைனஸ் மூன்றைக் கூட்டும்போதும் ப்ளஸ் ஐந்து என்கிறாள். விதியை அவள் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள், விதிதான் மொட்டை.

பாட்டில் மூடிகளை எடுத்தோம். நிமிர்ந்தால் ப்ளஸ் ஒன்று, கவிழ்ந்தால் மைனஸ் ஒன்று, ஒரு நிமிர்ந்ததும் ஒரு கவிழ்ந்ததும் சேர்ந்தால் பூஜ்யம். மூன்று நிமிர்ந்த மூடி இருக்கிறது, அதிலிருந்து இரண்டு கவிழ்ந்ததை எடு. எடுக்க ஒன்றுமே இல்லையே! கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே இரண்டு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தாள். "பூஜ்யம்தானே வைக்கிறேன், கணக்கு மாறாதுல்ல?" கவிழ்ந்த இரண்டையும் எடுத்துவிட்டாள். மிச்சம் ஐந்து நிமிர்ந்த மூடி.

பெருக்கலுக்கும் இதை ஓரளவு இழுக்கலாம். வகுத்தலுக்கு நான் மூடியை எடுக்கமாட்டேன்.

ஆறாம் வகுப்பு ஆசிரியர்:

பொருளே இல்லாமல் ஒன்று. முப்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒன்றிலிருந்து முப்பது வரை ஓர் எண். எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். "ஒன்று" என்றால் எல்லோரும் எழ வேண்டும். "இரண்டு" என்றால் இரண்டின் மடங்குகள் நிலை மாற வேண்டும், நின்றவர் உட்கார வேண்டும், உட்கார்ந்தவர் நிற்க வேண்டும். அப்படியே முப்பது வரை.

பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 24ஆம் எண்காரனுக்கு எட்டு முறை எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியது. 29ஆம் எண்காரி ஒன்றுக்கு எழுந்தவள் 29 வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள். "சார், எனக்கு வேலையே இல்ல" என்றாள். அவள் பகா எண் என்று அவளே சொல்லும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

முடிவில் நிற்பது 1, 4, 9, 16, 25. ஏன் இவர்கள் மட்டும்? வகுத்திகள் ஜோடி ஜோடியாக வருகின்றன. 12க்கு 1உம் 12உம், 2உம் 6உம், 3உம் 4உம், அதனால் இரட்டைப்படை முறை மாறி உட்கார்ந்துவிடுவார். 16க்கு 4இன் ஜோடி 4தான், ஒரு முறை குறைகிறது. இதை விளக்கியவன் 16ஆம் எண்காரன். ஐந்து முறை மாறியதை விரல்விட்டு எண்ணி வைத்திருந்தான்.

மேல்நிலை வகுப்பு ஆசிரியை:

செய்துபார்ப்பது சின்ன வகுப்புகளோடு நின்றுவிடுகிறது என்பது என் ஆதங்கம். வகைக்கெழுவுக்கும், அதாவது ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கும், கத்தரிக்கோல் உதவும்.

24 செ.மீ. சதுர அட்டை. நான்கு மூலையிலும் ஒரே அளவில் சின்னச் சதுரம் வெட்டி மடித்தால் மூடியில்லாப் பெட்டி. ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு வெட்டு. "ஒரே அட்டைதானே மிஸ், கொள்ளளவும் ஒன்றாகத்தான் இருக்கும்" என்று பலர் சொன்னார்கள். 2 செ.மீ. வெட்டினால் 800 கன செ.மீ., 3க்கு 972, 4க்கு 1024, 5க்கு 980, 6க்கு 864. மணல் நிரப்பிப் பக்கத்தில் வைத்தபோது நம்பினார்கள்.

அப்புறம் ஒருவன் கேட்டான், நான்குதான் உச்சியா, 3.9 ஆக இருக்கக்கூடாதா என்று. கணக்கிடச் சொன்னேன். 3.9க்கு ஏறக்குறைய 1023.5. 4.1க்கும் ஏறக்குறைய 1023.5. வெட்டை ஒரு மில்லிமீட்டர் மாற்றியும் அரை கன செ.மீ.தான் நகர்ந்திருக்கிறது. ஆனால் 2லிருந்து 2.1க்குப் போனால் 800 என்பது 823ஐத் தாண்டிவிடுகிறது. "உச்சிக்குப் பக்கத்தில மாறவே மாட்டேங்குது மிஸ்" என்றான். வகைக்கெழு பூஜ்யம் என்பதை அதுவரை சூத்திரமாக மட்டும் எழுதிக்கொண்டிருந்தவன் அவன். அந்த வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதி, அதன் கீழே சமன்பாட்டைத் தொடங்கினேன்.

ஏழாம் வகுப்புக் கணக்காசிரியர்:

மிஸ், அந்தப் பெட்டியை என் ஏழாம் வகுப்பில் வகைக்கெழு இல்லாமல் அட்டவணை, வரைபடம் வரைக்கும் செய்யலாம் என்று நினைக்கிறேன். அட்டை கெட்டியாக இருந்தால்தான் மணல் நிற்குமா, சாதாரணத் தாள் போதுமா?

மேல்நிலை வகுப்பு ஆசிரியை:

தாள் பிதுங்கிவிடும் சார், கொள்ளளவு கூடுதலாகக் காட்டும். பழைய காலண்டர் அட்டை போதும். மூலைகளை வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள், உள்ளே ஒட்டினால் மணல் அதில் பிடித்துக்கொள்ளும்.