சியாட்டில் ஃபோக்லைஃப் விழாவுக்குக் கில்ட்: பின்கொசுவத்தில் கண் இருக்கட்டும்

மே கடைசியில், மெமோரியல் டே வார இறுதியில், சியாட்டில் சென்டரில் நடக்கும் நார்த்வெஸ்ட் ஃபோக்லைஃப் நாட்டுப்புறக் கலைவிழா (1972 முதல்) கில்ட் உடுத்திப் பழக நல்ல இடம். கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்களின் பாவாடை: பின்னால் கொசுவம், முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு தட்டைத் துண்டுகள். பை வைத்த கேன்வாஸ் கில்ட் தைக்கும் யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் 2000இல் தொடங்கிய ஊர் அதுதான் என்பதால் அங்கே யாரும் உறுத்துப் பார்ப்பதில்லை.

முதல் தவறு அளவில் நடக்கும். ஜீன்ஸில் 34 என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் பெரும்பாலும் இடுப்பை இறுக்கும். ஜீன்ஸ்காரர்கள் தாராளமாகவே தைப்பார்கள். கில்ட் எங்கே நிற்குமோ அங்கே டேப் வைக்க வேண்டும்: பாரம்பரியக் கில்ட்டுக்குத் தொப்புள் மட்டம், கேன்வாஸ் கில்ட்டுக்கு அதற்குச் சற்றுக் கீழே. நீளம், அங்கிருந்து முழங்கால் சில்லின் நடு வரை. வேறொருவர்தான் அளக்க வேண்டும். தானே குனிந்து பார்த்தால் டேப் சரிந்துவிடும்.

---

அளவு கிடக்கட்டும், முதுகுப்பைதான் பெரிய வில்லன். நடக்க நடக்கப் பையின் அடிப்பாகம் பின்கொசுவத்தில் உரசித் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றும். முன்துண்டு தட்டையானது, அசையாது. அதனால் உடுத்தியவருக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும்! வாரைச் சுருக்கிப் பையை இடுப்புக்கு மேலேயே நிறுத்துங்கள். அப்படியும் அவ்வப்போது கையைப் பின்னால் விட்டு ஒரு தடவு தடவிக்கொள்வது நல்லது.

உட்காரும்போதும் இதே கதைதான். கொசுவத்தைப் பின்தொடையோடு நீவிச் சேர்த்தபடியே அமர்ந்து, முன்துண்டை இரு தொடைக்கும் நடுவே அமுக்கிவிடுங்கள். தொப்பென்று உட்கார்ந்தால் கொசுவம் விசிறியாக விரிந்து ஈரப்புல்லில் வெறுந்தொடை படும். கேன்வாஸ் ஈரத்தைக் குடித்தால் லேசில் காயாது, ஒரு சின்ன பிளாஸ்டிக் விரிப்பு கையில் இருக்கட்டும். லுங்கி மாதிரி மடித்துக் கட்டும் வசதியும் இதில் கிடையாது.

---

கான்ட்ரா நடனத்தில் (ஜோடிகள் எதிரெதிர் வரிசையில் நின்று, ஒருவர் குரல் கொடுக்க ஆடும் நாட்டுப்புற ஆட்டம்) இறங்குகிறவர்களுக்கு: 'ஸ்விங்' என்று குரல் வந்ததும் ஜோடி 8 அல்லது 16 எண்ணிக்கைக்கு ஒரே இடத்தில் சுழலும், கொசுவம் குடைபோல் எழும்பும். உள்ளே தொடையை ஒட்டிப் பிடிக்கும் நீள டிராயர், கறுப்போ கில்ட்டின் நிறமோ, கட்டாயம். ஒன்றும் போடாமலிருப்பதே பாரம்பரியம் என்று வாதாடுவார்கள். நடன வரிசையில் குழந்தைகளும் நிற்கிறார்கள், அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. தொடை உரசிப் புண்ணாவதையும் அந்த டிராயரே தடுக்கும்.

கேன்வாஸ் கில்ட்டின் பக்கப் பைகளில் போடும் சாவி, போனின் கனம் நடக்கும்போது துணியைக் காற்றில் பறக்காமல் அடக்கும். சுழலும்போது அதே கனம் பக்கத்து ஜோடியின் தொடையில் அடிக்கும். எடுத்து வைத்துவிட்டு ஆடுங்கள்.

---

சில்லறை விஷயங்கள். 8 கெஜக் கம்பளிக் கில்ட் தூறலைத் தாங்கும், மதிய வெயிலில் கனக்கும். பாலி-விஸ்கோஸ் (செயற்கை இழைத் துணி) லேசானது, மடிப்பு கலையாது, ஆனால் காற்றடித்தால் எழும்பும். அதற்காக கில்ட் ஊசியை இரண்டு முன்துண்டுகளையும் சேர்த்துக் குத்தாதீர்கள், நடையில் இழுபட்டுத் துணி கிழியும். வெளியே தெரியும் முன்துண்டில் மட்டும் குத்த வேண்டும், அது பெரும்பாலும் அழகுக்குத்தான்.

பிளாஸ்டிக் கூண்டுக் கழிப்பறையில் பின்கொசுவம் முழுவதையும் ஒரு கையால் அள்ளி முன்னால் கொண்டுவந்த பிறகே உட்காருங்கள். தரை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். "ஷூவும் சாக்ஸும்" என்பது பழைய பதில், இன்றும் செல்லும். தூக்கிப் பார்க்கக் கை நீட்டினால் அது விளையாட்டு இல்லை. தட்டிவிட்டு விழாத் தொண்டர்களிடம் சொல்லுங்கள்.

---

துவைப்பது விட்டுப்போயிற்று. கேன்வாஸ் என்றால் டிச் பட்டன் எல்லாவற்றையும் போட்டு, குளிர்ந்த நீரில் அலசி, இடுப்புப் பட்டையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். ட்ரையரில் போட்டால் சுருங்கி நீளம் குறையும். ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு கொசுவத்தையும் மேலிருந்து கீழாக விரலால் நீவிவிட்டால் இஸ்திரி வேலை பாதி மிச்சம்.