பில் குறைக்க வாங்கின பிஎல்டிசி ஃபேன்: நினைத்ததைவிட நல்லதா, பின்னால் செலவு வைக்குமா?

ரேவதி, மன்னார்குடி பக்கம்
வீட்டுக்கு வாங்கின சாமான்ல நினைச்சதைவிட நல்லா அமைஞ்சது எதுன்னு கேட்டா, நான் யோசிக்காம பிஎல்டிசி சீலிங் ஃபேன்னு சொல்வேன். பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வச்ச, கம்மி கரண்ட்ல ஓடுற ஃபேன் அது. கரண்ட் பில் குறையும்னுதான் வாங்கினோம். பில் குறைஞ்சது உண்மைதான், ஆனா எனக்கு அது பெரிசா தெரியலை.

எங்க வீடு டிரான்ஸ்ஃபார்மர் லைன்ல கடைசி வீடு. சித்திரை, வைகாசியில விளக்கு வைக்கிற நேரம் ஆச்சுன்னா ஸ்டெபிலைசர்ல 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்துல 170 காட்டும். பழைய ஃபேனை அஞ்சுல வச்சாலும் றெக்கை மூணும் தனித்தனியா கண்ணுக்குத் தெரியும். காத்துங்கிற பேச்சே கிடையாது. இப்ப அதே 170ல புது ஃபேன் காலையில சுத்தின மாதிரியே சுத்துது. கடைக்காரர் இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை, அட்டைப்பெட்டியிலயும் கொட்டை எழுத்துல பில் கணக்கு மட்டும்தான் இருந்துச்சு.

இன்னொண்ணு. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினா பழைய ஃபேன் உர்ர்ருன்னு உறும ஆரம்பிச்சிடும். எங்க அத்தை அந்தச் சத்தத்துலயே எழுந்து உட்கார்ந்துடுவாங்க. இப்ப கரண்ட் போனதே அவங்களுக்குத் தெரியறதில்லை.

செந்தில் ஒயர்மேன், தேனி
மேடம், உங்க வீட்ல நல்லா ஓடுதுன்னா சந்தோஷம். ஆனா இதைப் படிச்சிட்டு நாலு பேர் ஓடுற ஃபேனைக் கழட்டிப் போடுவாங்க. அதனால எழுதுறேன்.

சாதா ஃபேன் ஸ்லோ ஆனா பத்துக்கு எட்டு கேஸ் கண்டன்சர்தான். 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) அளவு, நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். ஏணி போட்டு ஏறி இறங்கினா பத்து நிமிஷ வேலை. பேரிங் கத்துச்சுன்னா மாத்தலாம். காயில் எரிஞ்சாலும் கட்டித் தர எல்லா ஊர்லயும் ஆள் இருக்கு. முப்பது வருஷ ஃபேன் இன்னும் ஓடுற வீடு எனக்குத் தெரியும்.

பிஎல்டிசிக்குள்ள மோட்டாரைச் சுத்த வைக்கிற எலக்ட்ரானிக் போர்டு ஒண்ணு இருக்கு. கம்பெனிக்குக் கம்பெனி வேற, ஒரே கம்பெனியில மாடலுக்கு மாடல் வேற. இடி இடிச்ச மறுநாள் எனக்கு வர்ற போன்ல பாதி இந்த போர்டு செத்த ஃபேன்தான். வாரண்டி முடிஞ்சிருந்தா எழுநூறு, ஆயிரம் ஆகும். அதுவும் போர்டு கிடைச்சாத்தான். மாடலே நின்னுபோச்சுன்னு சொல்லிட்டாங்கன்னா நல்ல மோட்டாரோட ஃபேன் பரண்ல கிடக்கும். கடையில விக்கிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. அந்த வீட்டம்மா முகத்தைப் பார்த்துப் பதில் சொல்றது நான்.

பாலு, பீளமேடு
கணக்கைப் போட்டுவிட்டுப் பேசுவோம். றெக்கை வீச்சு 1200 மி.மீ. உள்ள சாதா ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட். பிஎல்டிசி சுமார் 30. மிச்சம் 45 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.54 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு ஏறக்குறைய 32 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தால் 160 ரூபாய். இரண்டு ஃபேனுக்கும் விலை வித்தியாசம் 1,300 என்றால் எட்டு பில்லில், அதாவது ஒன்றேகால் வருஷத்துக்குச் சற்று மேலே, போட்ட காசு திரும்பிவிடும்.

ஆனால் நம் தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம். ஒண்டிக்கட்டையாக ஓர் அறையில் இருப்பவர், பில்லே வராதவர், இதை வாங்கினால் ஒரு பைசா மிச்சமில்லை. அதே சமயம் இரண்டு மாதத்துக்கு 550, 560 யூனிட் எரிக்கும் வீட்டில் மூன்று ஃபேன் மாற்றினால் 500க்குக் கீழே இறங்கிவிடலாம். 500ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுக்கும் சேர்த்து ஏறுகிறது. அந்த வீட்டுக்குத்தான் பில்லில் உண்மையான லாபம். ஆக, எல்லாருக்கும் நல்லது என்று பொதுவாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று, ராத்திரி யாரும் அஞ்சில் வைத்துத் தூங்குவதில்லை. மூன்றில் வைத்தால், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்ட சாதா ஃபேனும் 75 வாட் இழுக்காது. அப்போது மிச்சம் இன்னும் குறையும்.

அருண், மின்னியல் படித்தவன்
பாலு சார் கணக்கு சரி. ஆனால் ரேவதி அக்கா சொன்னது பில்லைப் பற்றியே இல்லையே.

சாதா ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 வந்தால் வோல்டேஜ் கால்வாசி குறைந்ததாகத் தோன்றும், விசையோ ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால்தான் றெக்கை தெரிகிறது. பிஎல்டிசியில் ஏசி முதலில் டிசியாக மாறுகிறது, பிறகு போர்டு காந்த ரோட்டரைத் தனக்கு வேண்டிய வேகத்தில் சுற்றுகிறது. லைனில் வோல்டேஜ் ஏறி இறங்குவது, ஓர் அளவு வரைக்கும், அதைத் தொடுவதே இல்லை. உறுமாததற்கும் இதுதான் காரணம். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சீரான அலையாக இல்லாமல் சட்டென்று ஏறி இறங்கும் ஸ்கொயர் வேவ் மின்சாரம் கொடுக்கும், இண்டக்‌ஷன் மோட்டார் அதில் சத்தம் போடும்.

பேட்டரிக் கணக்கையும் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரியில் இழப்பெல்லாம் போக 1,200 வாட் மணி கிடைக்கிறது என்று வைப்போம். மூன்று சாதா ஃபேன் 225 வாட், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலே தாங்கும். மூன்று பிஎல்டிசி 90 வாட், பதின்மூன்று மணி நேரம். இதை ரூபாயில் எப்படிக் கணக்குப் போடுவீர்கள், சார்?

நசீர், நாகூர்
ரிமோட்டை யாரும் பேசலையே. எங்க வாப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. சுவத்துல ரெகுலேட்டரைத் திருப்பிப் பழகின கை. ராத்திரி குளிருதுன்னா இருட்டுல தலைகாணிக்கு அடியில ரிமோட்டைத் தடவுறாங்க, கிடைக்கலைன்னா என்னை எழுப்புறாங்க. நான் அவங்க ரூம்ல மட்டும் பழைய ஃபேனையே திரும்ப மாட்டிட்டேன். வயசானவங்க இருக்கிற வீட்டுல இதையும் பார்க்கணும்.

ரேவதி
நசீர் அண்ணே, எங்க மாடல்ல சுவர் சுவிட்சை அணைச்சு உடனே போட்டா வேகம் மாறும். கடைசியா வச்ச வேகத்தையும் ஞாபகம் வச்சுக்கும். அத்தை ரிமோட்டைத் தொட்டதே இல்லை. ரெகுலேட்டரோட வேலை செய்யற மாடலும் வருது. கேட்டு வாங்கணும்.

பாலு சார், 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் எத்தனை ஊர் வாரக்கணக்கா இருட்டுல கிடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் எங்க தெருவுல வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துச்சு. ராத்திரி முழுக்க பேட்டரி தாங்குறதுக்கு நீங்க விலை போடலை. காசு திரும்ப வந்துச்சான்னு மட்டும் பார்த்தா, வாங்கினதுல பாதி நல்லது கணக்குக்கே வராது.

செந்தில் அண்ணே, போர்டு போகும்னு நீங்க சொல்றது நியாயமான பயம். ஆனா லோ வோல்டேஜ்ல ஓடி ஓடி எங்க பழைய ஃபேன்லயும் காயில் போயிருக்கு. கட்டின காயில் முதல் மாதிரி ஓடவும் இல்லை.

செந்தில் ஒயர்மேன்
காயில் கட்டுறவன் கம்பியோட தடிமனைக் குறைச்சிருப்பான். அது ஃபேன் குத்தம் இல்லை.

லோ வோல்டேஜுக்கு மருந்து ஃபேன் இல்லை மேடம், டிரான்ஸ்ஃபார்மர். உங்க தெருவுக்குத் தனியா ஒண்ணு வந்தா மிக்ஸி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் பிழைக்கும்.

ரேவதி
வரட்டும், வேண்டாம்னா சொல்றோம்? அது வர்ற வரைக்கும் வைகாசி ராத்திரியில தூங்கணுமே.

பாலு
தூக்கத்துக்கு நான் விலை போடவில்லை, போடவும் முடியாது. என் பேச்சு ஒன்றுதான். வோல்டேஜ் நன்றாக இருக்கிற, கரண்ட் போகாத, பில் 200 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டில், ஓடுகிற ஃபேனைக் கழற்றாதீர்கள். எப்படியும் புது ஃபேன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் மட்டும் யோசியுங்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு, மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் கட்டாயம். வாட் குறைவு என்பதை மட்டும் பார்த்து ஏமாறாமல், நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள். 1200 மி.மீ. ஃபேன் என்றால் 210க்குக் கீழே இருப்பதைத் தொட வேண்டாம்.

செந்தில் ஒயர்மேன்
வாங்குறவங்க இதையும் குறிச்சுக்கங்க. ரெகுலேட்டரோட வேலை செய்யற மாடல் இல்லைன்னா பழைய ரெகுலேட்டரைக் கழட்டிட்டு நேர் சுவிட்ச்ல குடுக்கணும். ரெகுலேட்டரை விட்டு வச்சு போர்டைக் கெடுத்த வீடு நிறைய. போர்டு தனியா விப்பாங்களா, எத்தனை வருஷம் விப்பாங்கன்னு கடையில கேளுங்க. பதில் சொல்லத் தெரியாத கடையில வாங்காதீங்க. இடி இடிச்சா சுவிட்சை அணைச்சிடுங்க. இத்தனையும் பார்த்துக்க முடியாதவங்களுக்கு நான் இன்னிக்கும் சாதா ஃபேன்தான் மாட்டுவேன்.