கடை ஸ்டாஃப் கவனக்குறைவால அடிபட்டா ஓனர் பொறுப்பா? உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

எங்க மாமியாருக்கு ஆனத எழுதுறேன், இதே மாதிரி அனுபவம் இருக்கவங்க கீழ எழுதுங்க, ஏன்னா அந்த நேரத்துல சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்களே தவிர சரியா சொல்ல ஒருத்தரும் இல்ல.

எங்க ஊர் கடைவீதில ஒரு பாத்திரக்கடை. ராத்திரி கடை சாத்துற நேரம், அத்தை ஒரு குக்கர் வாங்கி பில் போட்டுட்டு வெளிய வர்றாங்க. மத்த ஷட்டர் எல்லாம் இறக்கியாச்சு, வாசல் ஷட்டர மட்டும் பாதி இறக்கி வச்சு கஸ்டமர் குனிஞ்சு வெளிய போற மாதிரி விட்டிருந்தாங்க. கொக்கி கம்பி வச்சு இழுப்பாங்கல்ல, ஒரு பையன் வெளிய ரோட்டுப் பக்கம் யார்கிட்டயோ பேசிட்டே அந்தக் கம்பிய மாட்டி, உள்ளருந்து யார் வர்றாங்கன்னு பாக்காம சடார்னு இழுத்துட்டான். ஷட்டரோட அடிப்பட்டை நேரா அத்தையோட வலது தோள்ல இறங்கிடுச்சு. காரை எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சு ஆபரேஷன், மருந்து மாத்திரை பிசியோ எல்லாம் சேத்து ஒன்றரை லட்சத்துக்கு மேல போயிடுச்சு.

மறுநாள் ஓனர் பழம் வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். 5,000 ரூபாய நீட்டி, "பையன் புதுசும்மா, நேத்தே வேலைய விட்டு நிறுத்திட்டேன், மேல ஏதாவது வேணும்னா அவங்க வீட்ல பேசிக்கோங்க"ன்னு சொன்னார். அத்தைக்கு அடிபட்டத விட எனக்கு இதுதான் பொறுக்கல. காலைல இருந்து நின்னுட்டே வேலை பாக்குற பையன், அவங்க வீட்ல போய் நான் என்னத்த கேக்குறது? சீக்கிரம் சாத்துடான்னு அவன விரட்டுனது யாரு? வாசல்ல ஒரு ஆள நிறுத்தி கஸ்டமர் எல்லாரும் வெளிய வந்தாச்சான்னு பாக்க வேண்டியது யாரு?

நாங்க செஞ்சத சொல்றேன், உபயோகப்படும். ஆஸ்பத்திரில கேட்டதும் கடை ஷட்டர் விழுந்துச்சுன்னு தெளிவா சொல்லி ஏ.ஆர். காப்பி, அதான் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர், அதுல பதிய வச்சோம். மெடிக்கல் இன்சூரன்ஸ் கிளெய்ம் ஈசியா வரட்டும்னு வீட்ல வழுக்கி விழுந்தாங்கன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, தயவு செஞ்சு அப்படி சொல்லாதீங்க, பின்னாடி கேஸே நிக்காது. ஸ்டேஷன்ல புகார் குடுத்து சி.எஸ்.ஆர்., அதான் புகார வாங்கிக்கிட்டதுக்கு போலீஸ் குடுக்குற ரசீது, அத வாங்கினோம். சிசிடிவி பதிவு கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிடும்னு அத பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லி வக்கீல் மூலமா உடனே நோட்டீஸ் போச்சு. குக்கர் பில்ல லேமினேட் பண்ணாத குறையா பத்திரமா வச்சிருக்கோம்.

நோட்டீஸுக்கு வந்த பதில்ல "அந்தப் பையன் எங்க ஆளே இல்ல, ஏஜென்சி அனுப்புன ஆளு"ன்னு எழுதியிருக்காங்க, கூடவே அம்மா பாக்காம அவசரமா வந்தாங்கன்னும். இப்போ மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல போட்டிருக்கோம்.

பதில் (கோவை):

சிஸ்டர், எங்க சித்தப்பாக்கு ஒரு கல்யாண மண்டபத்துல நடந்தது. பந்தில பரிமாறுற பையன் சாம்பார் வாளிய தூக்கிட்டு ஓடி வந்து வாழைத்தண்டு மேல கால் வச்சு வழுக்கி, கொதிக்கக் கொதிக்க இருந்த சாம்பார் பூரா சித்தப்பா தொடை மேல. தோல் உரிஞ்சு சுகர் வேற இருக்கிறதால ஆறவே மாட்டேன்னுச்சு. மண்டபக்காரர் சமையல் கான்ட்ராக்ட்டர கை காட்டுறார், கான்ட்ராக்ட்டர் தரைய கூட்டி வைக்காத மண்டபத்த கை காட்டுறார், நடுவுல பொண்ணு வீட்டுக்காரங்க தர்மசங்கடத்துல நிக்கிறாங்க. கடைசில பெரியவங்க உக்காந்து பேசி கான்ட்ராக்ட்டர் பாதி செலவு குடுத்தார். மண்டபம் ஒத்த ரூபா குடுக்கல. கேஸ் போட்டா சம்பந்தி வீட்டோட மனஸ்தாபம் ஆயிடும்னு விட்டுட்டாங்க, எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

பதில் (சிவில் பக்கம் பிராக்டீஸ் பண்றேன்):

ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்றேன். வேலை செய்யுறப்போ, அந்த வேலைய செய்யுற விதத்துல ஒரு ஆள் கவனக்குறைவா இருந்து மூணாவது மனுஷனுக்கு அடிபட்டா முதலாளி நஷ்டஈடு குடுத்தாகணும், இது சிவில் சட்டத்துல ரொம்ப பழைய விதி. முதலாளி நேர்ல இல்லைன்னாலும், பாத்து செய்யுடான்னு நூறு தடவ சொல்லியிருந்தாலும் மாறாது. மறுநாள் வேலைய விட்டு தூக்குறதால ஒண்ணும் ஆகாது, அடிபட்ட நிமிஷம் அவன் யாரோட வேலைய செஞ்சிட்டு இருந்தான்ங்கிறதுதான் கேள்வி. ஷட்டர் இறக்குறது கடை வேலை, அவ்ளோதான்.

முதலாளி தப்பிக்கிற இடமும் இருக்கு. 1966ல சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு கேஸ்ல டாக்ஸி டிரைவர், கிளீனர் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு ஓட்டட்டும்னு வண்டிய குடுத்துட்டார், ஆக்ஸிடென்ட் ஆச்சு, அது ஓனர் வேலை இல்லைன்னு ஓனர விட்டுட்டாங்க. ஆனா 1977ல கம்பெனி கார்ல மேனேஜர் தெரிஞ்சவர ஏத்திட்டுப் போய் அவர் இறந்த கேஸ்ல, மேனேஜர் போனது கம்பெனி வேலையாதான்னு சொல்லி கம்பெனிய பொறுப்பாக்குனாங்க. அப்புறம் வந்த தீர்ப்புகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

ஏஜென்சி ஆளுன்னு சொல்றது எல்லாரும் எடுக்குற முதல் ஆயுதம். சம்பளம் யார் கைல இருந்து வருதுங்கிறத மட்டும் பாக்க மாட்டாங்க, எப்ப வரணும் என்ன செய்யணும் எப்படி செய்யணும்னு யார் சொன்னாங்கன்னு பாப்பாங்க. சந்தேகமா இருந்தா ஏஜென்சியையும் சேத்து எதிர்தரப்பா போட்டுடுங்க. மண்டபக் கேஸ்ல கான்ட்ராக்ட்டர் தனி ஆளுங்கிறதால வாளிய கொட்டுனதுக்கு மண்டபத்த புடிக்கிறது கொஞ்சம் கஷ்டம், ஆனா தரை சுத்தமா இல்லாதது யார் பொறுப்புன்னு தனியா கேட்டிருக்கலாம்.

டெல்லி உபகார் தியேட்டர் தீ விபத்து ஞாபகம் இருக்கா, 1997 ஜூன் 13, 59 பேர் போயிட்டாங்க. டிரான்ஸ்ஃபார்மர் மின்சார வாரியத்தோடது, அத சரியா ரிப்பேர் பண்ணாதது வாரிய ஆளுங்க, அதனால எங்க மேல தப்பில்லைன்னு தியேட்டர் வாதாடுச்சு. ஆனா வெளிய போற வழிய அடைச்சு சீட் போட்டது தியேட்டர்தானே? 2011ல சுப்ரீம் கோர்ட் நஷ்டஈட்டுல 85 சதவீதம் தியேட்டர், 15 சதவீதம் மின்சார வாரியம்னு பிரிச்சுச்சு. ஹைகோர்ட் சொன்ன தொகைய அவங்க குறைச்சதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா ஒருத்தர ஒருத்தர் கை காட்டிட்டு ரெண்டு பேரும் தப்பிக்க முடியாதுன்னு அதுல தெளிவாச்சு.

பதில் (மதுரை):

வக்கீல் சார், "உங்கள் சொந்தப் பொறுப்பில்"னு போர்டு மாட்டியிருந்தா? நிறைய கடைல லிஃப்ட் பக்கத்துல, பார்க்கிங்ல எல்லாம் இருக்கு.

பதில் (சிவில் பக்கம் பிராக்டீஸ் பண்றேன்):

போர்டு மாட்டிட்டு கைய கழுவ முடியாது. டெல்லில ஒரு அஞ்சு நட்சத்திர ஹோட்டல்ல 1998ல வேலட் பார்க்கிங்ல விட்ட கார் திருடு போச்சு, டோக்கன்ல கார் ஓனரோட சொந்த ரிஸ்க்னு அச்சடிச்சிருந்தாங்க. ஹோட்டலோ அதோட ஆளுங்களோ கவனக்குறைவா இருந்தா அந்த வரி காப்பாத்தாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கார் விஷயத்துலயே அப்படின்னா உடம்புக்கு கேக்கவே வேணாம்.

பதில் (திருநெல்வேலி, வீடு வாடகைக்கு விட்டிருக்கேன்):

நான் ஓனர் பக்கத்துல இருந்து சொல்றேன். எங்க வீட்ல மாச சம்பளத்துக்கு இருக்க ஆளு மொட்டமாடில தண்ணி டேங்க் கழுவிட்டு மூடிய பூட்டாம சும்மா மேல வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டார். ஆடிக் காத்து சொல்லணுமா, மூடி பறந்து கீழ சைக்கிள்ல போன பையன் கை மேல விழுந்து எலும்பு விரிசல். அவங்க அப்பா சத்தம் போட்டு வந்தப்போ நான் வேற பேச்சே பேசல, மாவுக்கட்டுல இருந்து ஸ்கேன் வரைக்கும் எல்லாம் குடுத்தேன், எங்க ஆள் சம்பளத்துல ஒரு பைசா புடிக்கல. என் வீட்டு டேங்க், என் வேலை, வேற யாரு குடுப்பா? அதுக்கப்புறம் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி, அதான் நம்மளால வெளி ஆளுக்கு அடிபட்டா நஷ்டஈடு குடுக்குற இன்சூரன்ஸ், அத எடுத்தேன், சின்ன கடைக்காரங்க கூட எடுக்கலாம், கேட்டுப் பாருங்க.

பதிவு போட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. திருநெல்வேலி சார், உங்கள மாதிரி ஒருத்தர் அந்தக் கடைல இருந்திருந்தா நாங்க வக்கீல் பக்கமே போயிருக்க மாட்டோம்.

வக்கீல் சார், ஒரு கேள்வி. அந்தப் பையன் மேல போலீஸ் கேஸ் வேணாம்னு அத்தை புடிவாதமா சொல்றாங்க. அவன சேக்காம ஓனர் மேல மட்டும் நஷ்டஈடு கேக்க முடியுமா?

பதில் (சிவில் பக்கம் பிராக்டீஸ் பண்றேன்):

தாராளமா முடியும். கிரிமினல் கேஸ் வேற, அது செஞ்ச ஆள் மேலதான் போகும், பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த குற்றவியல் சட்டம்) 125வது பிரிவு, எலும்பு முறிஞ்சா கொடுங்காயம். நஷ்டஈடு வேற, பையன எதிர்தரப்பா போடாமலே ஓனர்கிட்ட முழுசா கேக்கலாம். பையன் கடை ஆளுன்னு நிரூபிக்கிற வேலை மட்டும் உங்களோடது, பக்கத்து கடைக்காரங்க யாராவது சொன்னா போதும். இன்னொண்ணு, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல எந்த கமிஷன்னு முடிவாகுறது நீங்க குடுத்த பில் தொகைய வச்சு, கேக்குற நஷ்டஈட்ட வச்சு இல்ல. அதனால குக்கர் வாங்குனதுக்கு மாவட்ட கமிஷனே போதும், ஃபீஸும் கிடையாது. சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நீங்க போட்டுட்டீங்க.

பதிவு போட்டவர்:

சரி சார், பையன் பேரு அதுல வேணாம்னு எங்க வக்கீல்கிட்ட சொல்லிடுறேன். பக்கத்துல பூக்கடை வச்சிருக்க அக்கா நடந்தத நேர்ல பாத்தாங்க, அவன் அங்க ஆறு மாசமா வேலை பாக்குறான்னும் அவங்களுக்குத் தெரியும், சாட்சி சொல்ல வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அடுத்த ஹியரிங் முடிஞ்சதும் இங்கயே எழுதுறேன்.