நம்ம குடும்பம் குழுவில் காலைப் பேச்சு

மதினி: அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. பழையபடி நடக்க மாதக்கணக்கில் ஆகுமாம்.

பெரியப்பா: உயிருக்கு ஆபத்தில்லையே, அது போதும் தாயி. கால் தவறிவிட்டது, யாரை நோக?

மதினி: கால் தவறவில்லை மாமா. கிளினிக் இருக்கும் கட்டிடத்தின் மாடிப்படி விளிம்பில் அடித்த பட்டை பெயர்ந்து நின்றிருக்கிறது. அதில் செருப்பு மாட்டித்தான் விழுந்தார்கள். கட்டிடத்தின் உடையவர் ஆள் அனுப்பி, பில்லைக் கட்டிவிடுகிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.

வக்கீல் அண்ணன்: போட்டுவிட்டாயா?

மதினி: இல்லை அத்தான்.

வக்கீல் அண்ணன்: போடாதே. “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு வரி இருக்கும், பார். அத்தை எந்த அளவுக்கு நடப்பார்கள், இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்குமா என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது. அதற்குள் கணக்கை முடித்தால் அப்புறம் வரும் செலவெல்லாம் உன் தலையில்தான்.

சித்தப்பா: நானும் வீட்டை வாடகைக்கு விட்டவன்தான்டா. விழுகிறவர்களுக்கெல்லாம் உடையவன் பணம் கொடுக்க வேண்டும் என்றால் எப்படி?

வக்கீல் அண்ணன்: அப்படிச் சட்டம் சொல்லவில்லை சித்தப்பா. ஆபத்து இருப்பது உடையவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா, சரிசெய்ய நேரம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு வழக்குகள் உண்டு. இரண்டிலும் ரயில் பயணி வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தார். 1901இல் வந்த வழக்கில், தோலை யாரோ அப்போதுதான் போட்டிருக்கலாம் என்று ரயில்வேயை விட்டுவிட்டார்கள். 1911இல் வந்ததில் தோல் கறுத்துக் காய்ந்து, மண் ஒட்டி, மிதிபட்டுத் தட்டையாகக் கிடந்தது. வெகுநேரம் கிடந்த தோலை ஊழியர் கவனித்து எடுத்திருக்க வேண்டும் என்று விழுந்தவர் பக்கம் தீர்ப்பு.

தம்பி: அண்ணா, நான் இப்போது அந்தப் படியில்தான் நிற்கிறேன்.

தம்பி: 📷 புகைப்படம்

தம்பி: 📷 புகைப்படம்

தம்பி: பட்டையில் மூன்று துளை, திருகு ஒன்றில்தான் இருக்கிறது. மற்ற இரண்டிலும் அழுக்கு இறுகிப்போய்க் கிடக்கிறது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

வக்கீல் அண்ணன்: சுரண்டாதே!! எதையும் தொடாதே. அந்த அழுக்குதான் நமக்குச் சாட்சி. திருகு போய் ரொம்ப நாளாயிற்று என்று அதுதான் சொல்லும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, பட்டை எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று தெரிகிற மாதிரி எடு. விளக்கு எரிகிறதா, கைப்பிடி இருக்கிறதா என்று வீடியோவும் எடு.

தம்பி: விளக்கு எரியவில்லை. கைப்பிடி ஒரு பக்கம்தான். கீழே “படியில் கவனம்” என்று ஒரு அட்டை தொங்குகிறது.

சித்தப்பா: பார்த்தாயா, எச்சரித்திருக்கிறாரே.

வக்கீல் அண்ணன்: அட்டை மாட்டினால் மட்டும் தப்பிக்க முடியாது. இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பு பற்றிய இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: வருகிறவர் பத்திரமாக இருக்க அந்த எச்சரிக்கை போதுமானதாக இருக்க வேண்டும். இருட்டில் எந்தப் படி என்று தெரியாத அட்டையால் என்ன பயன்? மாடிக்குப் போக வேறு வழியும் இல்லையே.

மதினி: அத்தான், “கிளினிக்குக்கு வந்தவர், எங்களிடம் வரவில்லை” என்று கட்டிடத்தின் உடையவர் சொல்கிறார். கிளினிக் அங்கே வாடகைக்குத்தான் இருக்கிறது.

வக்கீல் அண்ணன்: படிக்கட்டு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பொதுப் படி பெரும்பாலும் உடையவர் கையில்தான் இருக்கும். வாடகை ஒப்பந்தம் பார்த்தால் தெரிந்துவிடும். கிளினிக்குக்கு வந்தவரும் வேலையாக வந்தவர்தான், அத்துமீறி நுழைந்தவர் இல்லை.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். செருப்புத் தேய்ந்திருந்தது, போன் பேசிக்கொண்டே இறங்கினார் என்றெல்லாம் கிளப்புவார்கள். உண்மையாக இருந்தால், பல நாடுகளில் அவர் பங்குக்கு ஏற்றபடி இழப்பீட்டைக் குறைப்பார்கள். அதனால் அந்தச் செருப்பைத் துடைக்காமல் ஒரு பையில் போட்டு வை.

பெரியப்பா: அவரைக் கோர்ட்டுக்கு இழுத்து நமக்கு என்ன ஆகப்போகிறது? பாவம், அவரும் குடும்பஸ்தர்.

வக்கீல் அண்ணன்: அப்பா, எடுத்த எடுப்பில் கோர்ட் இல்லை. கட்டிடத்துக்குப் பொறுப்புக் காப்பீடு, அதாவது அங்கே வருகிறவர்களுக்கு அடிபட்டால் இழப்பீடு தரும் காப்பீடு, எடுத்திருந்தால் அந்த நிறுவனமே கொடுக்கும். அத்தைக்கு இனி பிசியோதெரபி உண்டு, துணைக்கு ஆள் வேண்டும். அதைக் கேட்பது பகை இல்லை.

சித்தப்பா: சரிடா. என் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடி ஆடுகிறது என்று குடியிருப்பவர் போன மாதமே சொன்னார்.

வக்கீல் அண்ணன்: இன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள் சித்தப்பா. வாயால் சொன்னாலும் உங்களுக்குத் தெரியும் என்றுதான் ஆகும்.

தம்பி: அண்ணா, நுழைவாயிலில் ஒரு கேமரா இருக்கிறது.

வக்கீல் அண்ணன்: அதுதான் அவசரம். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறி அழிந்துவிடும். அந்த நாள் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி எழுத்தில் கடிதம் கொடுத்துவிடுவோம். அரைமணியில் எழுதி அனுப்புகிறேன், நீ நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிவிடு. படியைச் சரிசெய்ய ஆள் வந்தால் தடுக்காதே, போட்டோ மட்டும் எடு.

மதினி: டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். ஏதாவது கேட்க வேண்டுமா?

வக்கீல் அண்ணன்: கேஸ் ஷீட்டில் எப்படி விழுந்தார்கள் என்று என்ன எழுதியிருக்கிறது, பார். வெறுமனே “கீழே விழுந்தார்” என்று இருந்தால், படியின் பட்டை தடுக்கி விழுந்ததையும் சேர்க்க முடியுமா என்று கேள்.

மதினி: சரி, கேட்கிறேன்.