மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது, இடிக்கச் சொல்கிறார்கள்

முத்தியால்பேட்டைப் பேத்தி:
தம்பு செட்டித் தெருவை ஒட்டிய சந்தில் எங்கள் தாத்தா வீடு. வாசல் பன்னிரண்டு அடிதான். உள்ளே திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு என்று ரயில்பெட்டி மாதிரி நீளும். மழை வந்தால் கூடத்தில் இரண்டாவது உத்திரத்தை ஒட்டிச் சொட்டுகிறது. மாடியில் சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை. மேஸ்திரி, இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள் என்கிறார். வீட்டின் வயதும் தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

சாவடி குமார்:
பில்டரிடம் கொடுங்கள். இரண்டு ஃப்ளாட், பார்க்கிங்கோடு.

வண்ணாரப்பேட்டைக் கிழவன்:
பன்னிரண்டு அடி மனையில் பார்க்கிங்கா, குமார்? அந்தச் சந்தில் ஆட்டோவே திரும்பாது.

அம்மா, அந்த சிமெண்ட் மேல்தான் எனக்குச் சந்தேகம். உங்கள் கூரை மெட்ராஸ் டெரஸ், பழைய சுண்ணாம்புத் தளம். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாக்காகச் சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள், கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்துக்கொண்டே. கடைசியாக மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்தாலும் வெயிலில் விட்டுவிடும். சிமெண்டால் மூடினால், விரிசலில் இறங்கிய தண்ணீர் உள்ளேயே தங்கி, சுவருக்குள் இருக்கும் உத்திர முனையை இற்றுப்போக வைக்கும். முதலில் தச்சரைக் கூப்பிட்டு முனையை உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மாவாக உதிர்ந்தால் அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம். மேஸ்திரி அப்புறம் வரட்டும்.

வயதுக்கு மூலப்பத்திரத்தைப் பாருங்கள். கோட்டையை ஒட்டி நம்மவர்கள் குடியிருந்த பழைய பிளாக் டவுன், பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் ஊரைப் பிடித்த பிறகு இடிபட்டது. இன்று ஹைகோர்ட் நிற்பது அங்கேதான். அதன்பின் பிளாக் டவுன் என்றாலே உங்கள் பேட்டைதான். 1769-ல் ஹைதர் அலி ஊர் வாசல்வரை வந்துபோன பயத்தில் சுற்றி மதில் எழுந்தது. அதற்கென்று பேசின வரி வசூலாகவே இல்லை, வால்டாக்ஸ் (மதில் வரி) ரோடு என்ற பெயர்தான் மிச்சம். மதிலில் ஒரு துண்டு எங்கள் பக்கம் மாடிப் பூங்காவாக இருக்கிறது. உங்கள் பகுதிக்குப் பிறகு வந்த ஜார்ஜ் டவுன் என்ற பெயர், 1911-ல் முடிசூடிய ஐந்தாம் ஜார்ஜ் பெயர். பத்திரத்தில் பிளாக் டவுன் என்றிருந்தால் வீடு நூறு தாண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டைப் பேத்தி:
பிளாக் டவுன் என்றே இருக்கிறது ஐயா! சிமெண்டைப் பெயர்த்துவிடலாமா? ஆயிரம் லிட்டர் தண்ணீர் டாங்க்கும் அதன் மேல்தான் இருக்கிறது.

வண்ணாரப்பேட்டைக் கிழவன்:
கூடத்துக்கு மேலேயா? அது ஒரு டன் பாரம் அம்மா. முதலில் அதை இறக்குங்கள். சிமெண்டைத் தச்சர் பார்த்தபின், மழை முடிந்து தை மாதத்தில் பெயர்க்கலாம்.